தாழியும் கற்பதுக்கையும்: தமிழக இரும்புக்கால ஈமமுறைகளில் தெரிவு குறித்துச் சில சிந்தனைகள்

முன்னுரை

சிங்கப்பூரில் இறந்தோரைப் புதைப்பதற்கு இன்றும் திறந்திருக்கும் இடுகாடு சுவா சூ காங் ஒன்றே. 1998 முதல் அங்கு ஒரு குழிக்கு வரையறுக்கப்பட்ட காலம் 15 ஆண்டுகள். அக்காலம் கழிந்ததும் எலும்புகள் தோண்டி எடுக்கப்படுகின்றன. இறந்தவரின் சமயம் எரியூட்டலுக்கு இடந்தருமாயின் அவை எரிக்கப்பட்டுச் சாம்பல் மாடங்களில் வைக்கப்படும். இடந்தராதாயின் சிறியதொரு குழியில் மீண்டும் அடக்கம் செய்யப்படும். 2007 முதல், வெறும் மண்குழிக்கு மாற்றாக, முன்னரே வார்க்கப்பட்ட கான்கிரீட் அறைகளை நெருக்கமாகப் பதித்து அவற்றுள் அடக்கம் செய்யும் முறை அங்கு நடைமுறைக்கு வந்தது. நிலம் குறைந்த நாடொன்று இறந்தோருக்கு இடம் ஒதுக்கும் வகை இது.

இச்செய்தியைச் சில ஆண்டுகளுக்குமுன் வகுப்பில் எடுத்துரைத்தபொழுது மாணவர் ஒருவர் எழுந்து, "மண்ணில் நேரே புதைப்பதா, கல்லறை கட்டி அதனுள் வைப்பதா என்பதில் பழந்தமிழருக்கு ஏதேனும் கொள்கை இருந்ததா?" என வினவினார். கல் கிடைத்த இடத்தில் கல்லறை, கல் கிடைக்காத இடத்தில் தாழி என்று அன்று நாம் விடையிறுத்தோம். பாடநூல்கள் பலவும் கூறும் விடை அதுவே. நாமும் மாணவப் பருவத்தில் அதையே பயின்றோம். ஆயினும் அவ்விடை அன்று முதல் நம்மை உறுத்திக்கொண்டே வருகின்றது. அகழாய்வுச் செய்திகளை மீளவும் எடுத்து நோக்குங்கால், அது பாதி உண்மையே என்பது புலனாகின்றது. அந்த மறுபாதியைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்களும் வகைகளும்

மணிமேகலையின் ஆறாவது காதையான சக்கரவாளக் கோட்டமுரைத்த காதை, காவிரிப்பூம்பட்டினத்துச் சுடுகாட்டைக் காட்டுமிடத்தில் இறந்தோரை நீக்கும் ஐவகை முறைகளை ஒருங்கே சுட்டுகிறது. எரித்தல், உடலை வெளியே இட்டுவிடுதல், குழி தோண்டிப் புதைத்தல், தாழ்ந்ததோர் அறையில் வைத்து அடைத்தல், தாழி கொண்டு மூடுதல் என்பன அவை. ஒரே நகரத்தின் ஒரே சுடுகாட்டில் இவ்வைந்தும் நிகழ்ந்தன என்று சாத்தனார் பாடுவது இலக்கிய மிகையாகவும் இருக்கலாம். ஆயினும் இம்முறைகள் இன்னார்க்கு இன்னது எனப் பிரிக்கப்படாமல், அங்கு வருவோர் செய்யும் செயல்களாக அடுக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது.

தொல்லியலார் இன்று வழங்கும் கலைச்சொற்களையும் ஈண்டு விளக்கிக்கொள்வோம். பெரிய மட்கலத்துள் எலும்புகளையோ உடலையோ இட்டு மண்ணுள் இறக்குவது முதுமக்கள் தாழி. சுட்ட மண்ணால் தொட்டிபோல் நீளமாகச் செய்து, அடியில் கால்கள் பொருத்தியது ஈமப்பேழை. பலகைக் கற்களை நான்கு புறமும் நிறுத்தி, மேலே மூடுகல் இட்டு, முழுவதும் நிலத்துக்குள் அமைவது கற்பதுக்கை. அதுவே நிலத்துக்கு மேலே நிற்குமாயின் கற்றிட்டை. பாதி புதைந்தும் பாதி வெளித்தெரிந்தும் நிற்பவையும் உண்டு. இவற்றைச் சுற்றிப் பெருங்கற்களை வட்டமாக அடுக்கினால் கல்வட்டம். சிறு கற்களைக் குவித்தால் பரல் உயர் பதுக்கை. தென்னிந்தியப் பெருங்கற்சின்னங்களுக்கு ஒழுங்கான பெயரீடு வேண்டும் என்று உணர்ந்து அதனை முதலில் முறைப்படுத்தியவர் வி.டி.கிருஷ்ணசாமி. 1949இல் அவர் வகுத்த பாகுபாடே சிற்சில திருத்தங்களுடன் இன்றளவும் வழங்கி வருகின்றது.

கல்லறை என்னும் சொல் கல்லால் ஆகிய அறை எனப் பொருள்படுவது. இன்று நம் நாட்டில் மண்மேட்டின்மீது சிலுவையோ பெயர்ப்பலகையோ நட்டிருந்தாலும் அதனைக் கல்லறை என்றே அழைக்கின்றோம். அறை போயிற்று, சொல் நின்றது.

பரம்பின் சான்று

தாழி என்றதும் நினைவுக்கு வருவது ஆதிச்சநல்லூர். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில், தாமிரபரணியின் தென்கரையில், செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டு நிலமாக அது கிடக்கின்றது. அவ்வூர் மக்கள் அதனைப் பரம்பு என்பர். 1876இல் பெர்லினைச் சேர்ந்த யாகோர் அங்குத் தோண்டித் தாம் கண்டெடுத்தவற்றைத் தம் நாட்டிற்கு எடுத்துச் சென்றார். பின்னர் 1899 தொடங்கிச் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ அங்கு ஆய்வு நிகழ்த்தினார். பொன்னாலான நெற்றிப்பட்டங்கள், வெண்கலப் பொருள்கள், இரும்புக் கருவிகள், மட்கலங்கள் எனப் பல்லாயிரம் பொருள்கள் அவர்க்குக் கிடைத்தன. அவற்றின் பட்டியல் 1915இல் நூலாக வெளிவந்தது. நூறு ஆண்டு இடைவெளிக்குப்பின் 2004இல் இந்தியத் தொல்லியல் துறை, தி.சத்தியமூர்த்தியின் தலைமையில் மீண்டும் அங்கு அகழ்ந்தபொழுது, சிறியதொரு பரப்பிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. அவை ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்குகளில் இருந்தன என்பது அவ்வகழாய்வு தந்த முதன்மையான செய்தி. அங்குக் கிடைத்த மாதிரிகளின் கரிமக் கணிப்புகள் கி.மு.905, கி.மு.696 எனக் காலம் காட்டியமை 2019இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் தெரிவிக்கப்பட்டது.

நம் வினாவுக்குத் தேவையான செய்தி ரீயின் குறிப்புகளில் உள்ளது. அம்மேட்டின் நடுப்பகுதியில் மேல்மண் மெல்லியது, அதன்கீழ் பாறை. அப்பாறையை வெட்டிக் குழி செய்து, தாழிக்கும் தாழிக்கும் இடையே பாறையைத் தடுப்பாக விட்டு, ஒவ்வொரு தாழியையும் அதனதன் குழியில் இறக்கியுள்ளனர். கல் கிடைக்காத நிலத்தில் தாழி என்னும் விளக்கம் இங்கே நிற்கவில்லை. கல் அவர்தம் காலடியில் இருந்தது. அதனை வெட்டும் இரும்பும் ஆற்றலும் அவர்களிடம் இருந்தன. வெட்டிய கல்லை அடுக்கி அறை கட்டாமல், கல்லைக் குடைந்து அதனுள் மட்கலத்தை வைத்தனர். இதனைத் தெரிவு என்னாது வேறு எவ்வாறு அழைப்பது?

ஒரு தடையை நாமே எழுப்பிக்கொள்ளலாம். பலகையாகப் பிளவுபடும் கல் வேறு. வெட்டினால் சிதறும் கல் வேறு. கொங்கு நாட்டிலும் கிருஷ்ணகிரிப் பகுதியிலும் உள்ள கருங்கற்பாறைகள் படலம் படலமாகப் பெயர்ந்து வருபவை; தீயிட்டும் ஆப்பு இறக்கியும் பலகைகளாக எடுக்கத்தக்கவை. பரம்பின் பாறை அவ்வியல்பினதன்று. இத்தடை வலுவுடையதே. எனினும் பாறையைக் குடைந்து குழி செய்வதும் எளிய வேலையன்று. எளிமையே நோக்கமாயின் சற்றுத் தள்ளி மென்மையான வண்டல் மண்ணிலேயே தாழிகளை இறக்கியிருக்கலாம். அது நெல் விளையும் நிலமாதலின் விலக்கினர் போலும். விளைநிலம் உயிரோடிருப்போர்க்கு, விளையா மேடு இறந்தோர்க்கு என்னும் பங்கீடு தமிழகத்து ஈமக்காடுகள் பலவற்றில் காணப்படுவதே.

கல்லால் ஆகிய வீடுகள்

இனி மேற்கே செல்வோம். நொய்யல் ஆற்றின் கரையில் ஈரோடு மாவட்டத்தில் உள்ள கொடுமணல், பதிற்றுப்பத்துக் கூறும் கொடுமணம் என்று அறிஞரால் அடையாளம் காணப்பட்டது. 1985 தொடங்கித் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கு நிகழ்த்திய அகழாய்வுகளில் கா.இராசனின் பங்கு பெரிது. அங்குள்ள கற்பதுக்கைகள் நிலத்துக்குள் அமைந்தவை. பெரிய அறையொன்றைக் குறுக்குப் பலகையால் பிரித்து உள்ளறைகள் ஆக்கியிருப்பர். பலகைக் கல்லில் வட்டமாகவோ வேறு வடிவிலோ துளை இட்டிருப்பர். இதனை இடுதுளை என்பர். அறைக்குள் சூதுபவள மணிகள் பெருந்தொகையாக வைக்கப்பட்டிருந்தன. மேலே மூடுகல், சுற்றிலும் கல்வட்டம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரத்தில் காணப்படுபவை வேறு வகையின. வெறும் பாறைத் தளத்தின்மீதே கற்றிட்டைகள் கூட்டமாக நிற்கின்றன. தோண்டுவதற்கு அங்கு மண் இல்லை; ஆகவே அறை மேலே எழுந்தது என்று கூறுதல் எளிது. ஆனால் மண் உள்ள இடம் அப்பாறையிலிருந்து வெகு தொலைவில் இல்லை என்பதையும் அங்குச் செல்வோர் காணலாம். பழனி மலைத்தொடரின் கற்றிட்டைகளைக் குறித்து ஆங்கிலேட், நியூட்டன் ஆகிய பாதிரிமார் எழுதிய நூல் 1928இல் வெளிவந்தது. மலைச்சரிவிலும் முகட்டிலும் தொலைவிலிருந்தே கண்ணில் படுமாறு அவை அமைந்தமை அந்நூலால் விளங்கும்.

இவற்றின் கட்டுமானத்துக்கு எத்துணை உழைப்பு வேண்டும் என்பதை ஒரு சிறு கணக்கால் உணரலாம். மூன்று மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் அகலமும் கால் மீட்டர் கனமும் உடைய மூடுகல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கருங்கல் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 2.7 டன் எடையுள்ளது. ஆகவே அந்த ஒரு கல் மட்டும் 5 டன். அதனைப் பாறையிலிருந்து பெயர்த்து, உருட்டி, சாய்தளம் அமைத்து ஏற்ற ஒரு குடும்பத்தின் கைகள் போதா. ஊர் கூட வேண்டும். கூடியவர்க்கு உணவிட வேண்டும். தாழிக்கோ குயவர் ஒருவரின் திறனும் சூளையும் போதும். இரண்டும் செலவே; ஆயினும் செலவு செல்லும் வழி வேறு. தாழிச் செலவு கைவினைஞரிடம் செல்கின்றது. மூடுகல்லின் செலவு ஊராரிடம் கடனாகவும் நன்றியாகவும் தங்குகின்றது. சமூக வரலாறு எழுதுவோர் இவ்வேறுபாட்டைப் போதிய அளவு கருதவில்லை என்பது நம் எண்ணம்.

இனமா, நிலமா?

ஈமச்சின்ன வேறுபாடுகளுக்கு முதலில் சொல்லப்பட்ட விளக்கம் இனம் பற்றியது. 1820ஆம் ஆண்டளவில் மலபாரில் பாபிங்டன் என்பார் 'பாண்டு குழி' எனப்பட்டவற்றைத் தோண்டி எழுதிய நாள் முதல், இவற்றைக் கட்டியோர் யார் என்பதே ஆய்வாளரின் பெருவினாவாக இருந்தது. தக்காணத்துச் சின்னங்களை ஆராய்ந்த மெடோஸ் டெய்லர் அவற்றை ஐரோப்பியக் கெல்டியரின் சின்னங்களோடு ஒப்பிட்டார். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஃபியூரர் ஹைமன்டார்ஃப், பெருங்கற்சின்னங்களைத் திராவிட மொழி பேசுநரின் வருகையோடு தொடர்புபடுத்தினார். தாழி புதைத்தோர் ஓர் இனம், கல்லறை கட்டியோர் மற்றோர் இனம் என்ற பிரிப்பு இத்தகைய சிந்தனைகளின் நிழலில் வளர்ந்ததே. அதற்கு மாற்றாகவே நில விளக்கம் எழுந்தது. இனவாதத்தின் பிடியிலிருந்து ஆய்வை விடுவித்தது என்ற அளவில் அதற்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். வண்டல் நிலமாகிய வைகை, தாமிரபரணிப் படுகைகளிலும் கடற்கரைச் சமவெளியிலும் தாழிகள் மிகுதி. கல் நிறைந்த கொங்கிலும் மலைப்பகுதிகளிலும் கற்பதுக்கையும் கற்றிட்டையும் மிகுதி. நிலப்படத்தில் புள்ளி இட்டுப் பார்ப்போர்க்கு இது தெளிவாகத் தெரியும்.

சிக்கல் ஒரே இடத்தில் இரண்டும் கிடைக்கும்பொழுது எழுகின்றது. அத்தகைய இடங்கள் சிலவல்ல. செங்கற்பட்டுப் பகுதியில் உள்ள சாணூரில் 1950, 1952 ஆகிய ஆண்டுகளில் பானர்ஜியும் சௌந்தரராசனும் அகழ்ந்தபொழுது, வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்த கல்வட்டங்களில் சிலவற்றின் அடியில் ஈமப்பேழை இருந்தது. சிலவற்றில் பேழை இல்லை. கேரளத்துத் திருச்சூர்ப் பகுதியில் குடைக்கல், தொப்பிக்கல், செம்புரைக்கல்லைக் குடைந்த குகை, தாழி ஆகிய யாவும் நெருக்கமான வட்டாரத்தில் காணப்படுகின்றன. அங்குள்ள போர்க்களம் என்னும் ஊரில் 1948இல் தாப்பர் அகழ்ந்தது தாழி ஈமச்சின்னம் ஒன்றை. செம்புரைக்கல் எல்லார்க்கும் பொதுவாய் இருந்த அந்நிலத்தில், ஒருவர்க்குக் குகையும் ஒருவர்க்குத் தாழியும் வாய்த்தன. கொடுமணலிலும் கற்பதுக்கைகளோடு தாழிகளும் உண்டு.

ஆகவே நிலம் எல்லையை வகுத்தது. அவ்வெல்லைக்குள் மக்கள் தெரிந்தெடுத்தனர் என்று கொள்வதே பொருத்தம். எதன் அடிப்படையில் தெரிந்தனர்? செல்வமா, குடியா, வயதா, இறந்த விதமா? செல்வம் என்று உடனே விடை கூறுதல் இயலாது. ஆதிச்சநல்லூரின் பொன் நெற்றிப்பட்டம் தாழிப் புதையலைச் சேர்ந்தது. தாழி எளியோர்க்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை.

இங்கே காலம் பற்றியும் ஒரு சொல். தாழி முந்தியது, கற்பதுக்கை பிந்தியது என்றோ மாறாகவோ நேர்கோடு வரைவது இன்று மேலும் அரிதாகியுள்ளது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் தாழியினுள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு.1155 என 2021இல் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட இரும்பின் தொன்மை குறித்த அறிக்கை, சிவகளையின் காலத்தைக் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டின் பிற்பகுதி வரை பின்கொண்டு செல்கிறது. கீழ்நமண்டியின் ஈமப்பேழைக்குக் கி.மு.1692 எனக் காலம் கூறுகிறது. மிகப் பழைய கணிப்புகளைப் பிற இடங்களின் சான்றுகளும் தாங்கும்வரை சற்றுப் பொறுத்திருத்தல் நன்று என்பது நம் கருத்து. எவ்வாறாயினும் தாழியும் பேழையும் கல்லறையும் நெடுங்காலம் உடன் வழங்கியவை என்பதில் ஐயமில்லை.

பாடல்களில் தாழி

சங்க இலக்கியம் இதற்கு என்ன சான்று தருகிறது? தாழி பற்றிய குறிப்புகள் தெளிவானவை. சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் இறந்தபொழுது ஐயூர் முடவனார் பாடிய புறநானூற்று 228ஆம் பாடல், குயவனை விளித்து, இத்துணைப் பெருமை வாய்ந்த மன்னனைக் கவிக்கும் அளவு பெரிய தாழியை உன்னால் வனைய இயலுமா என்று வினவுகின்றது. 256ஆம் பாடலில் கணவனை இழந்த பெண் ஒருத்தி, பல சுரங்களைக் கடந்து அவனோடு வந்த தனக்கும் இடமிருக்குமாறு தாழியை அகலமாகச் செய்க என்று குயவனை வேண்டுகிறாள். நற்றிணை 271இல் மகளைப் பிரிந்த தாய், தன்னைத் தாழியில் கவிக்குமாறு கூற்றம் கொண்டு போயிற்றில்லையே என வருந்துகிறாள். பதிற்றுப்பத்து 44ஆம் பாடல், மன்னரின் தாழிகள் மறைந்து கிடக்கும் வன்னிமரத்துக் காட்டைக் காட்டுகின்றது. வேந்தனுக்கும் தாழி, பெயர் தெரியாத பெண்ணின் கணவனுக்கும் தாழி. எரியூட்டலும் உடன் வழங்கியது. தன் தேவி இறந்தபொழுது ஈமத் தீயைக் கண்டு சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை பாடிய 245ஆம் பாடல் இதற்குச் சான்று.

கல்லைப் பற்றிய குறிப்புகளோ வேறு தன்மையன. அகப்பாடல்களின் பாலை வழியில் ஆறலை கள்வரின் அம்பால் மாண்டவரை இலையும் கல்லும் இட்டு மூடிய பதுக்கைகள் வருகின்றன. ஆகோள் பூசலில் பட்டவர்க்கு நட்ட நடுகற்கள் வருகின்றன. பலகைக் கற்களால் கட்டி மூடுகல் ஏற்றிய அறையை மட்டும் புலவர்கள் விரித்துப் பாடவில்லை. மணிமேகலை சுட்டும் தாழ்ந்த அறையே நமக்குக் கிடைக்கும் நெருங்கிய குறிப்பு. பாடல்கள் எழுந்த காலத்தில் அவ்வழக்கம் தேய்ந்திருக்கலாம். மதுரை, உறையூர், புகார் ஆகிய ஆற்றுச் சமவெளிகளைப் புலவர் நோக்கு மிகுதியும் சார்ந்திருந்தது என்றும் கொள்ளலாம். இரண்டாவதே நமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது; கீழடியின் குடியிருப்பை அடுத்துள்ள கொந்தகையின் ஈமக்காடு தாழிகளால் ஆனது என்பது இதற்கு அரண் செய்கிறது.

256ஆம் பாடலை நம் வகுப்புகளில் கற்பு நெறிக்குச் சான்றாக மட்டுமே படிப்பது வழக்கம். தொல்லியல் நோக்கில் அது மற்றொன்றையும் சொல்கிறது. தாழி, செய்யும்பொழுதே இத்தனை பேர்க்கு என்று முடிவு செய்யப்பட வேண்டிய ஒன்று. வனைந்து சுட்டபின் அதனை விரிக்க இயலாது. மூடிப் புதைத்தபின் அதனைத் திறக்கும் வழக்கமும் இல்லை. ஆகவேதான் அவள் முன்கூட்டியே கேட்கிறாள்.

திறக்கும் கதவு, திறவாக் கதவு

இங்கேதான் இடுதுளையின் பொருள் முதன்மை பெறுகின்றது. அது உயிர் வந்துபோவதற்கான வழி என்று ஒருசாரார் கூறுவர். பின்னர் இறந்தோரின் எலும்புகளை உள்ளே சேர்ப்பதற்கான வாயில் என மற்றொரு சாரார் கூறுவர். ஓர் ஆள் தவழ்ந்து நுழையும் அளவுடைய துளைகளும் உண்டு. கை மட்டுமே நுழையும் துளைகளும் உண்டு. ஆகவே இரு விளக்கங்களுள் ஒன்றையே எல்லாவற்றுக்கும் பொருத்துதல் தவறு. எனினும் பல கல்லறைகளில் ஒருவருக்கு மேற்பட்டோரின் எலும்புகள் கிடைக்கின்றன. உடலை முதலில் வேறிடத்தில் இட்டு, தசை நீங்கியபின் எலும்புகளைத் திரட்டி வைக்கும் இரண்டாம்நிலைப் புதைப்பு பரவலாக இருந்தது என்பதும் அறியப்பட்டதே. எலும்புகளைத் திரட்டி வைக்கும் வழக்கமுடையோர்க்கு மீண்டும் திறக்கக்கூடிய அறை ஏற்றது.

நாம் முன்வைக்க விரும்பும் கருத்து இது: நிலத்துக்கு மேலா, கீழா என்பது அம்மக்களின் தலையாய வினாவாக இருந்திருக்காது. ஒருவர்க்கு ஒருமுறை மூடுவதா, குடிக்குப் பலமுறை திறப்பதா என்பதே அவர்களின் வினா. கொடுமணல் கற்பதுக்கை நிலத்துக்குள் இருந்தும் கதவுடையது. ஆதிச்சநல்லூரில் தாழி தனித்தனியே மூடப்பட்டது. ஆயினும் அவ்விடம் மூன்று அடுக்குகளாகத் தொடர்ந்து பயன்பட்டது. முன்னோரின் தாழிக்கு மேலேயே பின்னோரின் தாழியை இறக்கினர். குடியின் தொடர்ச்சியைக் கொங்கு மக்கள் ஓர் அறைக்குள் காத்தனர். தாமிரபரணி மக்கள் ஒரு மேட்டுக்குள் காத்தனர். சில தாழிகளில் ஒருவருக்கு மேற்பட்டோரின் எலும்புகள் காணப்படுவது இக்கருத்துக்கு முற்றும் ஒத்துவருவதன்று என்பதையும் மறைத்தல் ஆகாது. ஒரே காலத்தில் இறந்தோரா, எலும்பாகச் சேர்த்து வைக்கப்பட்டோரா என்பது தாழிதோறும் எலும்பியல் ஆய்வால் அறியவேண்டுவது.

வெளித்தெரிதல் என்னும் கூறும் உண்டு. கற்றிட்டை, வழிச்செல்வோர்க்கு இந்நிலம் இன்னார் முன்னோரின் நிலம் என்று அறிவிப்பது. மேய்ச்சல் நிலத்துக்கும் மலைவழிக்கும் இவ்வறிவிப்பு தேவை. ஆற்றுப்பாசன நிலத்தில் வரப்பும் வாய்க்காலுமே எல்லையைச் சொல்லும். இறந்தோர் அப்பணியைச் செய்ய வேண்டியதில்லை.

அழியாது நின்றதும் மறைந்து வாழ்ந்ததும்

நிலைத்து நிற்க எழுப்பிய கல்லறைகளின் பிற்கால வரலாறு இரங்கத்தக்கது. கட்டியோரின் பெயர் மறைந்தது. பாண்டவர் வீடு என்றும் குள்ளர் வீடு என்றும் மக்கள் கதை புனைந்தனர். மாண்டவர் என்பதே பாண்டவர் ஆயிற்று என்பாரும் உளர். சொல் ஒலிப்பு இடந்தந்தாலும், நாடெங்கும் குகைக்கும் பாறைக்கும் பாண்டவர் பெயரிடும் வழக்கம் இருப்பதால் அவ்விளக்கத்தை நாம் வலியுறுத்தவில்லை. புதையல் தேடுவோர் அறைகளைக் கலைத்தனர். பலகைக் கற்கள் வீட்டுத் திண்ணைக்கும் வரப்புக்கும் சென்றன. கல்குவாரிகள் வந்தபின் கல்வட்டங்கள் முழுமையாகவே மறைந்த ஊர்கள் உண்டு. கண்ணில் படவேண்டும் என்று கட்டியதே அவற்றுக்குக் கேடாக முடிந்தது. மண்ணுள் மறைந்த தாழியோ, மேலே ஆடு மேய, கீழே பொன்னோடும் நெல்லோடும் மூவாயிரம் ஆண்டு கிடந்தது. நீலகிரியின் முதல் ஆணையராக இருந்த பிரீக்ஸ், அம்மலையின் கற்குவைகளைத் தோண்டியும் தொல்குடிகளிடம் வினவியும் எழுதிய நூல் 1873இல் வந்தது. அங்கும் கல் இருந்தது. கட்டியவர் இன்னார் என உறுதியாகச் சொல்லும் நினைவு இல்லை.

பெயரைக் காத்தது எழுத்தே. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டெடுக்கப்பட்ட நடுகற்கள், தமிழி எழுத்தில் இறந்தவனின் பெயரையும் ஆகோளையும் குறிக்கின்றன. அக்கற்கள் மூடுகற்களோடு ஒப்பிட மிகச் சிறியவை. ஒரிருவர் தூக்கி நடக்கூடியவை. பிற்காலத்தே சோழர், மறைந்த மன்னர்க்குப் பள்ளிப்படைக் கோயில் எடுத்தனர். மேல்பாடியில் அரிஞ்சயனுக்கு முதலாம் இராசராசன் எடுத்த அரிஞ்சிகை ஈசுவரமும், பழையாறைப் பகுதியில் முதலாம் இராசேந்திரன் எடுத்த பஞ்சவன்மாதேவீச்சரமும் கல்வெட்டால் பெயர் நின்றவை. அது தனித்தாராயத்தக்க பொருள்.

பேராக்கின் கற்பலகைகள்

இறுதியாக நம் நாட்டுச் சான்று ஒன்று. தெற்குப் பேராக்கில் சுங்கை, சிலிம், பெர்னாம் ஆற்றுப் பகுதிகளில் கருங்கற்பலகைகளால் ஆன புதைகுழிகளை இவான்சும் கோலிங்சும் 1920, 1930களில் அகழ்ந்தனர். பக்கத்துக்குப் பலகைகள், அடியில் பலகை, மேலே மூடுபலகை என்று அவை அமைந்தவை. மணிகளும் இரும்புக் கருவிகளும் மட்கல ஓடுகளும் அவற்றில் கிடைத்தன. சூதுபவள மணி கிடைத்தமையால் அவற்றைத் தமிழகக் கற்பதுக்கையோடு இணைத்துப் பேச விரும்புவோர் நம்மிடையே உளர். மணி, வணிகத்தால் கைமாறும். மணி சென்ற இடமெல்லாம் மக்களும் ஈமமுறையும் சென்றதாகக் கொள்ள இயலாது. தென்கிழக்காசியாவின் பிற பகுதிகளிலும் கற்பலகைக் கல்லறைகள் உள்ளன. உறவு கொண்டாடும் ஆர்வத்தில் இவ்வடிப்படையை மறத்தல் கூடாது.

ஒப்பீட்டுக்கு உரியது வேறொன்று. அதே பேராக்கின் கடற்கரையில், அலையாத்திக் காடு சூழ்ந்த கோலா செலின்சிங்கிலும் இவான்சு அகழ்ந்தார். அங்கு மணி செய்வோர் வாழ்ந்தனர்; இறந்தோரைப் படகு வடிவ மரப்பேழையில் இட்டனர். உள்நாட்டில் கற்பலகை, சேற்றுக் கரையில் படகு. கல் கிடைத்த இடத்தில் கல், கிடைக்காத இடத்தில் மரம் என்று இங்கும் ஒரு வரியில் கூறிவிட்டு வகுப்பை முடித்துவிடலாம். அவ்வாறு கூறுமுன், பெர்னாம் பள்ளத்தாக்கில் மரத்துக்குப் பஞ்சமே இல்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. காடு சூழ்ந்த நிலத்தில் மரத்தை விட்டுக் கல்லைத் தேர்ந்தவர் அவர்கள். அம்மாணவர் மீண்டும் வகுப்புக்கு வந்து வினவினால், ஆதிச்சநல்லூரின் வெட்டுண்ட பாறையையும் பெர்னாமின் கற்பலகையையும் அவர்முன் அருகருகே வைப்போம்.